தோணியில் நடந்ததை எனக்கு அறிவித்தார்

தங்கை லில்லி வாவியில் இறந்த பிறகு, என் மருந்துப் போத்தலைக் கண்டாலே எனக்கு நடுக்கம் வந்தது. கர்த்தருக்குள் அன்பான சகோதரரே, சகோதரிகளே, அந்த நடுக்கத்திலிருந்து அவர் என்னைத் தூக்கியெடுத்த விதத்தைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எனக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. ஆஸ்பத்திரி டொக்டர் கலந்து தந்த மருந்தைக் காலையும் மாலையும் குடித்து ஓரளவு சுகமாக இருந்தேன். மட்டக்களப்பில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்புக்குப் படிப்பித்தேன். இந்த யுத்தம் தொடங்குவதற்கு முந்தின மார்கழியில், நானும் லில்லியும் வாவியின் அக்கரையில், படுவான்கரையிலுள்ள மாமா வீட்டுக்குப் போய்விட்டுத் தோணியில் திரும்பினோம். நடு வாவியில் தோணி கவிழ்ந்தது.

தோணியில் ஏறியது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, கரையில் கண் விழித்தது. நாக்குக் கடிபட்டு வாயெல்லாம் இரத்தம். லில்லியை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள்.

நாக்குக் கடிபட்டிருந்தால் வலிப்பு வந்துபோயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் தோணிக்குள் விழுந்து துடித்தது நான்தான். தோணியைச் சரித்ததும் நான்தான். என் முகத்துக்கு நேரே யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால், "வலிப்புக்காரியத் தோணியில ஏத்தலாமா?" என்று கிணற்றடியில் யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. தோணியில் வந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மாலை மருந்தைக் குடித்தால் தூக்கம் வரும். தூங்கினால் தண்ணீர் வரும். லில்லி என் சேலையைப் பிடித்து இழுப்பாள். அலறிக்கொண்டு எழும்புவேன். ஆகவே தூங்கப் பயந்து மருந்தைத் தள்ளிப்போட்டேன். தூக்கம் கெட, வலிப்பு அடிக்கடி வந்தது. டொக்டர் மருந்தைக் கூட்டினார். அம்மா பக்கத்தில் நின்று குடிக்க வைத்தார். கூட்டிய மருந்தில் பகலெல்லாம் தலை பாரம், மனம் முழுக்க இருட்டு. பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். சோறு இறங்கவில்லை. லில்லியோடு நானும் போயிருக்கலாமே என்று நினைத்தேன். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

எனக்காகச் சபையார் சுகம் கேட்டு ஜெபித்தார்கள். நான் சுகம் கேட்கவில்லை. "ஆண்டவரே, அன்று என்ன நடந்தது? நான்தான் என்றால் அதையும் சொல்லும். தெரியாமல் இருக்க முடியவில்லை." இந்த ஒன்றையே கேட்டேன். என் ஜெபத்துக்கு வானம் வெண்கலம் போல அடைபட்டிருந்தது. ஆனாலும் கேட்டேன்.

பங்குனியில் ஒரு முற்பகல், காத்தான்குடியிலிருந்து புடவை வியாபாரி ஒருவர் எங்கள் வாசல் படலையடியில் வந்து நின்றார். முன்பின் தெரியாதவர். என்னைக் கண்டதும் தலையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தார்.

"மகள், நீங்க அந்தத் தோணியில வந்த புள்ளதானே?"

படலையைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தேன்.

"நான் உங்களுக்குப் பின்னால இருந்தவன். அண்டைக்குக் கை முறிஞ்சிட்டு. இப்பதான் திரும்ப யாவாரத்துக்கு வாறன்."

முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் அவரை அழைத்தேன்; எப்படிக் கேட்டேனோ தெரியாது. "காக்கா, எனக்கு வலிப்பு வந்துதானே தோணி கவிழ்ந்தது?"

அவர் திகைத்துப் போனார். "ஆரு சொன்ன? வாடக்காத்து பாயில அடிச்சிச்சு, தோணி சரிஞ்சிச்சு. நீங்க நல்ல நினைவோட இருந்தீங்க. ஒரு கையால தோணியப் பிடிச்சி, மத்தக் கையால தங்கச்சிட கையப் பிடிச்சிக்கிட்டு, 'விட்டுராத, விட்டுராத' எண்டு கத்தினீங்க. அலைதான் பிரிச்சிப் போட்டிச்சு. கரையில கொண்டு கிடத்தின பிறகுதான் உங்களுக்கு வலிப்பு வந்த. அல்லாஹ் அறிய உண்மை, மகள். என்ட கண்ணால கண்டன்."

அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். உள்ளேயிருந்து ஓடிவந்த அம்மா என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். "இதையா மகள் இவ்வளவு நாளும் மனசில வெச்சிருந்த? என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" மூன்று பேரும் அழுதோம். லில்லி இறந்த பிறகு நான் அழுதது அன்றுதான்.

அதன் பின் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: தூங்கப் பயந்தது, கனவு, சாக நினைத்தது. அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். "நான் வலிப்ப மட்டும்தான் பார்த்தன், பிள்ளை. நித்திரையப் பற்றிக் கேக்கவே இல்ல," என்றார். போத்தல் மருந்து கூடினால் மனச்சோர்வும் கூடலாம் என்று சொல்லி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மாலையில் விழுங்க ஒரு சிறு குளிசை தந்தார். ஒரே நேரத்தில் படுக்க வேண்டும், நானாக எதையும் நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வலிப்பு முற்றாகப் போய்விட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. இடைக்கிடை வருகிறது. தண்ணீர்க் கனவும் வருகிறது. ஆனால் எழும்பி, அம்மாவின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கிவிடுவேன். யுத்தத்தால் சீமைக் கப்பல் வராமல் சில மாதம் குளிசை வந்துசேராது. அப்போது டொக்டர் சொல்லும் அளவில் பழைய மருந்தைக் குடித்துச் சமாளிக்கிறேன். பாலர் வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். பிள்ளைகளின் இரைச்சலில் ஆண்டவரைத் துதிக்கிறேன். மருந்துக்காகவும், அதைத் தந்த டொக்டருக்காகவும், நம் சபைக்கு வெளியிலிருந்து எனக்குப் பதில் கொண்டுவந்த அந்தக் காக்காவுக்காகவும் துதிக்கிறேன்.

உங்களில் யாராவது தூங்கப் பயந்து படுக்கிறீர்களா? உங்கள் வீட்டில் வலிப்புள்ள பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறீர்களா? மருந்தை விடாதீர்கள். ஜெபத்தையும் விடாதீர்கள். கேட்கப் பயப்படும் கேள்வியையே அவரிடம் கேளுங்கள். எனக்குப் பதில் தந்தவர் உங்களுக்கும் தருவார்.