என் தம்பியின் கார்

இதைப் படித்துவிட்டு யாரும் எனக்கு டாக்டர் விலாசம் அனுப்ப வேண்டாம். எழுபத்திரண்டு வயதாகிறது. முப்பத்தாறு வருடம் மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்தவன். நடக்காததை எழுதிப் பழக்கமில்லை. இது போன தை மாதம், தில்லி மயூர் விஹாரில், எங்கள் குடியிருப்பின் கீழே நடந்தது.

அன்று என் தம்பி அர்விந்தின் பெண் வைஷ்ணவிக்கு நிச்சயதார்த்தம். அர்விந்த் போய் மூன்று வருடம். தகப்பன் இடத்தில் உட்கார்ந்து தட்டு மாற்ற வேண்டியவன் நான். ஆனால் ஒரு வாரமாக வீட்டில் அவன் பேச்சுதான். வைஷ்ணவி, அப்பாவின் காரில்தான் போவேன் என்றாள். இறந்தவனைப் பார்த்துப் பொறாமைப்படலாமா? பட்டேன். சின்ன வயதிலிருந்தே எல்லாரும் அவனைத்தான் கொண்டாடினார்கள். அவன் காரைக்கூட எந்த மெக்கானிக்கும் தொட்டதில்லை. எல்லாம் அவன் கைதான்.

பழைய பெட்ரோல் கார். பதினைந்து வயது நிரம்ப ஒன்பது மாதம்தான் பாக்கி. அப்புறம் தில்லிச் சாலையில் ஓடக்கூடாது. முதல் நாள் மாலை ஸ்டியரிங் கனத்தது. திருப்பினால் முனகியது. கீழே சிவப்பாக ஆயில் சொட்டியிருந்தது.

"டாக்சி சொல்லிடலாமே அண்ணா" என்றாள் அர்விந்தின் மனைவி ஜ்யோத்ஸ்னா.

"பொண்ணாத்துக்காரா வாடகை வண்டில போய் இறங்கறதா? நானே சரி பண்றேன்."

"உங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லையே. அவர் இருந்தா..."

"போறும்."

காலை 6.05. இன்னும் விடியவில்லை; பத்தடிக்கு மேல் தெரியாத பனிமூட்டம். பானெட்டைத் தூக்கி நிறுத்தி, உள்ளே டார்ச்சைச் செருகினேன். ஸ்டியரிங் ஆயில் டப்பாவிலிருந்து போகும் ஹோஸ்களையெல்லாம் பழைய வேட்டியால் துடைத்தேன். டப்பாவை நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டேன். ஒழுகும் இடம் தெரிய வேண்டுமானால், ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்ப வேண்டும். இன்னொருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். வைஷ்ணவிக்குப் போன் செய்தேன்.

"அச்சா பெரியப்பா. தோ மினிட்."

6.14. டிரைவர் பக்கக் கதவு சாத்தும் சத்தம். டப். தூக்கிய பானெட் மறைத்ததால் உள்ளே இருப்பவர் எனக்குத் தெரியவில்லை.

"லெஃப்ட்ல ஃபுல்லாத் திருப்பு."

சக்கரம் திரும்பியது. சர்ர்... ஒரு ஹோஸ் குழாயில் மாட்டும் இடத்தில், கிளிப்புக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு முத்து திரண்டது. கண்டுபிடித்துவிட்டேன்! கிளிப்பை இறுக்கினேன்.

"இப்போ ரைட்."

திரும்பியது. ஒரு சொட்டுகூட இல்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாய் சும்மா இருந்ததா?

"பாத்தியா? உங்கப்பா இருந்தா, இதுக்கு அரை நாள் உருட்டிண்டிருப்பான்!"



நான் சொல்லாமலே சக்கரம் திரும்பியது. இடது. வலது. இடது. வேகமாக. ஆத்திரமாக. பம்ப் அலறியது.

"போதும்டீ!"

நிற்கவில்லை.

கிளிப் ஓரத்தில் ஹோஸ் பிளந்தது. சூடான ஆயில் என் சட்டையெல்லாம் தெறித்தது.

டக்.

இன்ஜின் நின்றது.

"பெரியப்பா..." குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மாடிப்படியில் வைஷ்ணவி. தலையில் ஈரத் துண்டு. "ஸாரி, லேட்டாயிடுத்து. இன்ஜினை யார் ஆஃப் பண்ணா?"

மணி 6.21.

"நான்தான்" என்றேன்.

ஓடிப்போய் உள்ளே பார்த்தேன். யாருமில்லை. ஆனால் டிரைவர் சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. நான் குள்ளம். எப்போதும் முன்னால் இழுத்துத்தான் ஓட்டுவேன்.

அர்விந்த் ஆறடி.

யாரிடமும் சொல்லவில்லை. பிளந்த நுனியை அரை அங்குலம் வெட்டினேன். ஹோஸைத் திரும்ப மாட்டி, கிளிப்பை இறுக்கி, ஆயில் ஊற்றினேன். இந்த முறை வைஷ்ணவியே திருப்பினாள். ஒழுகவில்லை. நான் முதலில் இறுக்கியது வீண் வேலை. ஹோஸின் நுனியே இற்றுப்போயிருந்தது.

7.50க்குக் கிளம்பினோம். ஜ்யோத்ஸ்னாவும் வைஷ்ணவியும் பின்சீட்டில். என் பக்கத்து சீட் காலி. நான்தான் ஓட்டினேன். சத்தியமாக நான்தான் ஓட்டினேன். ஸ்டியரிங் பூ மாதிரி சுற்றியது. வழியெல்லாம் பின்னால் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

8.40. பனி விலகி வெயில் வந்துவிட்டது. ஆர்.கே.புரம், மலை மந்திர் முருகன் கோயில் பக்கத்தில் ஹால். தகப்பன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். தட்டு மாற்றினேன். மனசு நிறைந்திருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தி கேட்டார்.

"உங்க டிரைவர் சாப்பிட வரலையா?"

"டிரைவரா? நான்னா ஓட்டிண்டு வந்தேன்."

அவர் சிரித்தார். "என்ன மாமா, விளையாடறேளா? நீங்க இடது பக்கத்துலேர்ந்துதானே இறங்கினேள்."

மாப்பிள்ளையின் தங்கை, நாங்கள் வந்து இறங்கியதைப் போனில் வீடியோ எடுத்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன்.

கார் வந்து நிற்கிறது. கண்ணாடியில் வெயில் அடிப்பதால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

இடது பக்கக் கதவு திறக்கிறது. நான் இறங்குகிறேன்.

டிரைவர் பக்கக் கதவு கடைசி வரை திறக்கவே இல்லை...

பின்சீட்டிலிருந்து இறங்கிய இருவரும், அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். குனிந்து, உள்ளே பார்த்து, ஏதோ சொல்கிறார்கள். வைஷ்ணவி அழுகிறாள். ஜ்யோத்ஸ்னா சிரிக்கிறாள்.

அன்று வண்டியை ஓட்டியது யார் என்று அவர்கள் இருவருக்கும் தெரியும். இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.