பொதுவாக எல்லோரும் பொறுத்துக்கொள்ளுங்கள்

இதை எழுத வேண்டும் என்று சில வருடங்களாக நினைப்பதும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போடுவதுமாக இருந்தேன். குடும்பக் கதை. அதுவும் மவுத்தாகி மண்ணுக்குள் போன ஒரு மனிதரைப் பற்றியது. நான் பெரிதாகப் படித்தவனும் இல்லை. ஒரு சொல் பிசகினால் அவர் எழும்பி வந்து திருத்தவா போகிறார்?

போன கிழமை, பாவமன்னிப்புக் கேட்கும் பராஅத் இரவு வந்ததல்லவா? போன் நிறையப் படங்கள். பிறை, ரோஜாப்பூ, கீழே, ‘தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளை மன்னிக்கவும்’. உங்களுக்கும் வந்திருக்கும். எனக்குக் கட்டாரிலிருந்து ஒருவர் அனுப்பியிருந்தார். யாரென்றே தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் - ஒரு சிரமமும் இருக்கவில்லை.

என் மனைவி ஹாஜரா எட்டிப் பார்த்தாள்.

“காக்காவும் இப்படித்தான் அனுப்பினவர்” என்றாள், தன் அண்ணனை நினைத்து. பிறகு, “அதை எழுதுங்க. என்ட பேரையும் போடுங்க” என்றாள்.

அவளே சொன்ன பிறகு நான் என்ன யோசிப்பது?

ஹாஜராவின் உம்மா கிண்ணியாவில் மவுத்தானபோது நாங்கள் குச்சவெளியில் இருந்தோம். எனக்கு அங்கே ஒரு சில்லறைக் கடை. எங்கள் ஊர்ப் பக்க வழக்கத்தில் உம்மாவோடு இருப்பது மகள்தான். ஹாஜரா என்னோடு வந்துவிட்டதால், படுக்கையில் விழுந்த உம்மாவைக் கடைசி வரை பார்த்தது அவளுடைய காக்கா. அதாவது என் மச்சான். அந்தக் கோபம் அவருக்கு இருந்தது. நியாயமான கோபம்தான்.

கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலம். கரையோர வீதியில் பஸ், வழியெல்லாம் இராணுவச் சோதனை, பிறகு அக்கரைக்கு ஏற்றிப் போகும் பாதைப் படகுக்குக் காத்திருப்பு... நண்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கம் என்று செய்தி. தங்கச்சி வரட்டும், பின்னேரம் அஸர் தொழுகை வரை வைத்திருங்கள் என்று ஊரார் மச்சானிடம் கேட்டிருக்கிறார்கள். ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மார்க்கத்தில் உள்ளதுதான். யார் மறுத்துப் பேசுவது?

நாங்கள் போய்ச் சேரும்போது ஆண்கள் அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஆக, ஹாஜரா உம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை, மண்ணையும் பார்க்கவில்லை.

மச்சான் வாசலில் நின்றார். “உசிரோட இருக்கக்குள்ள வராதவளுக்கு இப்ப என்ன அவசரம்?” என்றார்.

பிறகு நாங்களும் கிண்ணியாவுக்கே வந்துவிட்டோம். இரண்டு வளவு தள்ளித்தான் அவர் வீடு. பெருநாளைக்கு வட்டிலப்பம் போகும், வரும். சலாம் சொல்வார்கள், சுகம் விசாரிப்பார்கள். அந்த ஒரு கதையை மட்டும் இரண்டு பேரும் எடுப்பதில்லை.

மச்சான் மக்காவுக்கு உம்ராப் பயணம் போகும் முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து பிளேன்டி குடித்தார். மழை, மீன் விலை, என் முழங்கால் வருத்தம் என்று எல்லாம் கதைத்தார். ஹாஜரா குசினி வாசலில் நின்றாள். அவர் எழும்பி, செருப்பைப் போட்டு, ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“அப்ப போய்ட்டு வாறன். பொதுவா எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்க.”

எல்லாரும்? வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்.

அடுத்த நாள் மச்சானிடமிருந்து போனில் ரோஜாப்பூ வந்தது. “இது எனக்கா வந்த?” என்று கேட்டாள் ஹாஜரா.

“எல்லாருக்கும் போயிருக்கு.”

“அப்ப எனக்கில்ல.”

உம்ரா முடித்து வந்த கொஞ்ச நாளில் மச்சானுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இந்த முறை ஜனாஸா வீட்டுக்கு முதலில் போனது ஹாஜராதான். முகத்தைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

பள்ளியில் தொழுகைக்கு முன் அவருடைய மகன் நிஸார் எழும்பி நின்றான். “வாப்பா யாரிட மனசையும் நோகடிச்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க” என்றான். பள்ளி நிறைந்த சனம், பொறுத்துட்டம் என்றது. நானும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஹாஜராவிடம், “எல்லாரும் பொறுத்துட்டம்” என்றேன்.

“உங்களுக்கு அவர் என்ன செஞ்சவர்?”

யோசித்தேன். முழங்காலுக்கு எண்ணெய் கொண்டு வந்து தந்தவர்.

“பள்ளியில நிண்டவங்களுக்கு?”

நான் தொப்பியைக் கழற்றி மடித்தேன்.

“அவர் ஒண்டும் செய்யாதவங்கள்ட்டயெல்லாம் கேட்டிருக்கீங்க. பொம்புளையள்ட பக்கம் வந்து ஒருத்தரும் கேக்கல்ல” என்றாள்.

மனிதருக்கு மனிதர் செய்ததை, நோவுபட்டவர் பொறுக்கும் வரை அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்று பயானில் எத்தனை முறை கேட்டிருப்பேன்? அவளுடைய உரிமையை நான் எப்படித் தூக்கிக் கொடுத்தேன்?

நிஸாரிடம் விசயத்தைச் சொன்னேன். அன்று அஸருக்குப் பிறகு வந்தான். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“மாமி, வாப்பாக்காக நான்...”

“நீ கேக்காத மகன். நீ அப்ப சின்னப் பிள்ளை” என்றாள் ஹாஜரா. “நான் எப்பவோ பொறுத்துட்டன். உம்ராக்குப் போகக்குள்ள வந்தாரே, செருப்பைப் போட்டுத் திரும்பிப் பார்த்தாரே, அப்பவே. பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா அதுவே காணும்.”

“அப்ப ஏன் மாமி நீங்க சொல்லல்ல?”

“கேக்கட்டும் எண்டு இருந்தன். நானும் அவரிட தங்கச்சிதானே?”

நிஸார் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

“உம்மாவைத் தனியாப் பார்த்தவர் மகன் அவர். அள்ளினவர், கழுவினவர். என்ட கடமை அது. அதுக்கு நான் அவரிட்ட மாப்புக் கேக்கல்ல. அவர்தான் கேக்கணும் எண்டே இருந்திட்டன். இனி யாரிட்டப் போய்க் கேக்க?”

பொறுக்க அவளால் முடிந்தது. மவுத்தானவரையும் பொறுக்கலாம். அவரிடம் மாப்புக் கேட்கத்தான் ஏலாது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவருக்காக துஆச் செய்கிறாள். நானும் ஆமீன் சொல்கிறேன்.

இதை மற்றவர்களுக்கு அனுப்புங்கள். கூட்டாமல் குறைக்காமல், என் மனைவியின் சொல்லை மாற்றாமல் அனுப்புங்கள். ரோஜாப்பூ வேண்டாம். ஆனால் உங்கள் மனதில் இப்போது ஒரு முகம் வருகிறதே... அவருக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

அவர் வீட்டுக்குப் போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.