பாதியில் நின்ற பெட்டி

அம்மா மழையில் விழுந்த நாளில்தான் எனக்கு இந்தப் பெட்டி யோசனை வந்தது.

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் மலைக்கு ட்ரெய்லர் போகாது. கடைசி வளைவு அவ்வளவு ஒடுக்கம். ட்ராக்டர் திரும்பினாலும் பின்னால் இழுபடும் ட்ரெய்லர் திரும்பாது. அதனால் பெண்கள் கொழுந்துச் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பாசி பிடித்த கல் படிகளில் வளைவு வரைக்கும் இறங்க வேண்டும். அம்மா சாக்கோடு சறுக்கினாள். எலும்பு முறியவில்லை, புண்ணியம். ஆனால் வீக்கம் வடிந்த பிறகும் ஒவ்வொரு படிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் காலை வைப்பாள். வளைவில் நின்று அதைப் பார்ப்பது எனக்குப் பெரிய தண்டனை.

பதுளையில் மோட்டார் படிப்பை முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்த நேரம். கை சும்மா இருக்காது. ட்ரெய்லர்தானே திரும்பாது, ட்ராக்டர் திரும்புமே? அதன் பின்புறத்து இரண்டு இரும்புக் கைகளில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டால், ஹைட்ரோலிக்கின் எண்ணெய் அழுத்தம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் கொழுந்து இறங்கும், மனுஷர் வெறுங்கையோடு இறங்கலாம்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டதே பெரிய விஷயம்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து பாக்குறேன். பெட்டி ஏறினா வச்சுக்கோங்க. ஏறலன்னா இந்தப் பேச்சே வேணாம்" என்றார்.

ட்ராக்டர் ஓட்டுகிறவர் எங்கள் பக்கத்து லயத்து வரிசை வீட்டு அண்ணன். அவருக்கே நம்பிக்கையில்லை. "நான் வந்த நாள்ல இருந்து இது இழுத்துதான் இருக்கு தங்கச்சி. தூக்கினதே இல்ல."

உண்மைதான். அந்தக் கைகள் சங்கிலியால் கட்டப்பட்டுத் துருவேறிக் கிடந்தன. பழைய ஒயிலைத் திறந்துவிட்டால் தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. சங்கிலியை அவிழ்த்து, ஒயிலை மாற்றினேன். அப்போதும் அசையவில்லை. இந்த மாதிரிப் பழைய வண்டியில் இடது பக்கம் கீழே ஒரு பிடி இருக்கும். அதைப் போட்டால்தான் உள்ளே பம்ப் சுற்றும். ட்ரெய்லர் மட்டும் இழுக்கிறவருக்கு அது எதற்கு? போட்டேன். கைகள் நடுங்கி, முனகி, எழுந்தன. நான் கத்திய கத்தலில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்து நாய் எழுந்து ஓடியது.

பசறையில் சட்டம் வெல்டிங் செய்து, பலகை அடித்துப் பெட்டி தயாரானது. பின்னால் பாரம் கூடினால் முன் சக்கரம் லேசாகி, திருப்பின பக்கம் திரும்பாது. அதற்காக ஃபேக்டரியில் கழித்துப்போட்ட இரும்புச் சக்கரங்களை முன்னால் பாரமாகக் கட்டினோம்.

வெள்ளி காலை பெட்டியை மாட்டி, இருக்கைக்குப் பக்கத்திலிருக்கும் லிஃப்ட் பிடியை மேலே தள்ளினேன். பெட்டி முழங்கால் உயரத்துக்கு வந்தது. நின்றுவிட்டது. மேல் மலைப் பாதையில் துருத்திக்கொண்டிருக்கும் கற்களுக்கு அந்த உயரம் போதாது. முதல் கல்லிலேயே பெட்டி உடையும்.

மத்தியானக் கொழுந்து நிறுவைக்குப் பெண்கள் இறங்கி வரும்வரை நான் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னா எஞ்சினியரம்மா, பெட்டிக்கும் முழங்கால் வலியா?" என்றாள் அம்மாவோடு கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்தான்.

"எண்ணெய் தேச்சு விடு புள்ள, சரியாயிரும்" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹைட்ரோலிக்கின் மேல் மூடியைக் கழற்றலாமா? கழற்றினால் இன்றைக்குள் பூட்ட முடியாது. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு யோசித்தேன். வெறும் பெட்டியும் இதே உயரம், இரண்டு சாக்கு வைத்தாலும் இதே உயரம். எஞ்சினை நிறுத்தினாலும் இறங்கவில்லை. கசிவு என்றால் தாழ்ந்திருக்கும். பம்ப் சோர்ந்தது என்றால் பாரத்துக்குத் திணறியிருக்கும். அப்படியானால் வண்டி சொன்னபடிதான் கேட்கிறது. பாதி தூக்கு என்று சொல்வது நம் பிடிதான்!

பிடியை மறுபடி தள்ளினேன். முட்டி நின்றது, ஆனால் சத்தமே இல்லை. இரும்பில் இரும்பு முட்டினால் டக்கென்று கேட்க வேண்டும். பிடி நகரும் தகட்டின் நடுவில் கறுப்பாக ஒரு தடிப்பு இருந்தது. ரப்பர் கட்டை என்றுதான் நினைத்திருந்தேன். நகத்தால் சுரண்டினேன். உள்ளே மஞ்சள்.

கயிறு. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அண்ணன் கட்டிவந்த மஞ்சள் கயிறு. பழசை அவிழ்க்காமல் புதுசை அதன் மேலேயே கட்டி, எண்ணெயும் தூசியும் ஏறி, முஷ்டி மாதிரி இறுகியிருந்தது.

"ஸ்டியரிங்ல கட்டினா கை பட்டு அந்துபோகுது. இந்தத் தகட்டதான் யாரும் தொடுறதில்லையே" என்றார் அண்ணன்.

கத்தியை எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அறுக்காத தங்கச்சி. அந்த வளைவுல ஒருக்கா வண்டி பள்ளத்துக்குச் சறுக்கி, இந்தக் கயிறாலதான் ஓரத்துலயே நின்னுச்சு. மேல ஏறச் சொல்லுறது நீ, ஏறப்போறது நான்."

கத்தியை மடக்கினேன். "அப்ப அவுத்துத் தாங்க" என்றேன். அவர் விரல்கள் தடித்தவை, முடிச்சில் வழுக்கின. என் நகம் உடைந்தது. துரையின் ஜீப் வரும் பாதையை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"தள்ளுங்க ரெண்டு பேரும்" என்று அம்மா ட்ராக்டரில் சாய்ந்து நின்றுகொண்டாள். கேலி பேசிய அக்காவும் வந்தாள். "நாளெல்லாம் கொழுந்து கிள்ளுற விரலு, ஒரு முடிச்சுக்கா பயப்படும்?" கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, ஒருத்தி நுனியைக் கிள்ள, மற்றவள் உருவ, கயிறு கயிறாகக் கழன்றது. ஒன்றுகூட அறுபடவில்லை. அண்ணன் எல்லாவற்றையும் வாங்கி முன்விளக்குத் தண்டில் சுற்றிக் கட்டினார்.

பிடியைத் தள்ளினேன். டக்.

பெட்டி என் இடுப்பைத் தாண்டி எழுந்தது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னேரம் துரை வளைவில் நின்றார். அண்ணன் முதல் கியரில் மேலே போனார். பெட்டி ஒரு கல்லிலும் இடிக்கவில்லை. மேலே திருப்பி, கொழுந்துச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு இறங்கினார். வளைவில் முன் சக்கரங்கள் சொன்னபடி திரும்பின.

"நாளைக்கும் பெட்டியப் போடுங்க" என்றார் துரை.

நான் அவரைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கண் படிகளில் இருந்தது. அம்மா மெதுவாகத்தான் இறங்கினாள். ஆனால் பின்னால் வந்த அக்காவோடு ஏதோ சண்டை, வாய் ஓயவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரால் இவ்வளவு பேச முடியும்?

கடைசிப் படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தலையில பாரம் இல்லாம நடந்தா ஒரு பக்கமா சாயுது புள்ள" என்றாள்.

"பழகிரும்மா" என்றேன்.