பட்டா கேட்ட தெரு

பூதலூர் ஸ்டேஷனில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து, விவசாயக் கூலிகளின் தெருவுக்கு வந்திருக்கிறோம். மூவரும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். சேகரன் தெரு அமைப்பை ஆராய்கிறார். டாக்டர் மேரி நோய்களை. நான் நடவுப் பாட்டுகளை.

நடவு வேலை செய்யும் அஞ்சலை எங்களை வேடிக்கை பார்க்கிறாள். "ஒருத்தர் வீட்ட அளக்குறாரு, இந்தம்மா வயித்த அமுக்குறாங்க, நீங்க பாட்டு கேக்குறீங்க. எல்லாம் ஒரே படிப்பாங்க?"

"ஆமாம்மா. வீடு, உடம்பு, பாட்டு எல்லாம் ஒன்னோட ஒன்னு சேர்ந்ததுதானே?" என்கிறேன்.

"இத தெரிஞ்சுக்கத்தான் ரயிலேறி வந்தீங்களாக்கும்!"

தெருவே சிரிக்கிறது. மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளில் வந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. குடியிருக்கும் மனைக்குப் பட்டா தரப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதைக் கேட்டதற்காகத் தெருக்காரர்களைக் காலி செய்யச் சொன்னவர் இவர்தானாம்.

சேகரன் கையிலிருக்கும் அளவு நாடாவைப் பார்த்ததும் காரியக்காரர் இறங்கி நிற்கிறார். "சார் தாலுகா ஆபீசுங்களா? பட்டாவுக்கு அளக்குறீங்களா?"

சேகரன் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை முந்திக்கொள்கிறாள். "அதவிடப் பெரிய எடங்க."

பல்கலைக்கழகம் பெரிய இடம்தானே என்று நானும் மறுக்கவில்லை. காரியக்காரர் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்புகிறார்.

"அளந்தாச்சு, கிளம்பலாமா?" என்று சேகரன் நாடாவைச் சுருட்டுகிறார்.

"ஐயோ, சுருட்டாதீங்க சார்! அவரு வாய்க்கா பாலத்துலேயே நின்னு பாக்குறாரு" என்கிறாள் அஞ்சலை.

சேகரன் பாலத்தைப் பார்க்கிறார். பிறகு நாடாவின் நுனியை டாக்டர் மேரியிடம் கொடுத்து, முதல் வீட்டிலிருந்து மறுபடி அளக்கத் தொடங்குகிறார்.