கீழேயிருந்து வந்த வெயில்

திருப்பரங்குன்றத்தில் பெயிண்டர் பேச்சிமுத்து வீடு என்று கேட்டால் வழி சொல்லாத ஆள் கிடையாது. எழுமலைப் பக்கம் அடுத்தவன் காட்டில் களை வெட்டிப் பிழைத்த குடும்பம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அவரும் அதை விட்டார். வெறுங்கையோடு வந்து, சாரத்தில் தொங்கி வேலை பார்த்து, தன் பேரில் பட்டா, தன் கையால் எழுப்பிய சுவர், மேலே சிமெண்டு ஷீட்டு என்று ஒரு வீட்டைக் கட்டி உட்கார்ந்தவர். சாமான்யமா? எம்புட்டுப் படித்தவன் இன்றைக்கும் வாடகை வீட்டில் கிடக்கிறான்!

அந்த வீட்டுச் சுவர் காயாமல் இருக்கத் தண்ணி கொடுத்தது பக்கத்து மாடி வீட்டுச் சோணையம்மாள். கேட்காமலே குழாயைத் திறந்துவிட்டாள். 

சோணையம்மாளுக்குப் புருஷன் இல்லை. கீழ்வீட்டில் மகன் சோலையின் குடும்பம், மாடி அறையில் அவள். சோலை விடிவதற்கு முன்னே காய்கறி மார்க்கெட்டுக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவான். மாடி அறையின் ஒரே ஜன்னல் மேற்கே பார்த்தது. அதில் எட்டிப் பார்த்தால் கீழே பேச்சிமுத்துவின் கூரை.

ஷீட்டு வீட்டுக்கு இருக்கிற ஒரே வியாதி வெக்கை. பங்குனி பிறந்துவிட்டால் அவர் மனைவி ஒச்சம்மாள் ஈரத்துண்டும் கையுமாகத் திரிவாள். "அடுப்பு வீட்டுக்குள்ள இருக்கா, நாம அடுப்புக்குள்ள இருக்கமா?" என்பாள்.

இரண்டாயிரத்து நாலாம் வருசம் கப்பலூர்ப் பக்கம் ஒரு மில்லுக் கூரையில் வேலை கிடைத்தது. அங்கேதான் அந்த வெள்ளிக் கோட்டிங்கை முதன்முதலாகப் பார்த்தார். கம்பெனி என்ஜினியர் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னார்.

"அண்ணே, இது சூட்டைத் திருப்பி அனுப்புற சாமான். வீட்டுக்குன்னா ஷீட்டுக்கு உள்பக்கமா அடிங்க. ஷீட்டுக்கும் நம்ம தலைக்கும் நடுவுல காத்து நிக்கிற எடம் இருக்குல்ல, அதைப் பாத்துத்தான் மினுங்கணும். மேல அடிச்சா தூசி படிஞ்சு மங்கிரும். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கண்ணு கூசும்."

பேச்சிமுத்து தலையை ஆட்டினார். மனசுக்குள் சிரித்தார். உள்ளே அடித்தால் எவன் பார்ப்பான்? தொழில்காரன் கைவேலை நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா?

மாசி மாசம் மேலேதான் அடித்தார். கூரை தகதகவென்று எரிந்தது. மலை ஏறினவனெல்லாம் அங்கேயிருந்து கைகாட்டிக் கேட்டான். ஆட்களைக் கூட்டிவந்து, "தொட்டுப் பாருங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டினார். வீட்டுக்குள்ளும் சூடு குறையத்தான் செய்தது. ஒச்சம்மாள் மத்தியானத்தில் அசந்து தூங்கினாள்.

கொஞ்ச நாளில் சோணையம்மாள் வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

"பாத்தியா, நம்ம வீடு மினுங்குறது பொறுக்கல. சாத்திப்புட்டா."

"அக்காவுக்குக் கண்ணுல புரை ஆபரேசன் ஆகியிருக்கு. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள் ஒச்சம்மாள்.

"ஆபரேசன் கண்ணுக்கா, சன்னலுக்கா?"

இதையே டீக்கடையிலும் சொன்னார். கடைக்காரன் கண்ணுச்சாமி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

சித்திரையில் ஒருநாள் இருட்டின பிறகு சோலை வந்து நின்றான். "அண்ணே, அம்மா ரூம் சன்னல் கண்ணாடிக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சுக் குடுக்கணும். தொறந்தா கண்ணு கூசுதாம், சாத்துனா வேகுதாம். வெளிச்சமே ஆகல."

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் டப்பாவும் பிரஷ்ஷுமாக மாடி ஏறினார். கதவைத் திறந்ததும் குப்பென்று அடித்தது அனல். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் சோணையம்மாள்.

"வாய்யா பேச்சி. சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா" என்றபடி ஜன்னலைத் தள்ளினார்.

கண்ணில் ஊசியை இறக்கினது போல இருந்தது. கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். மேலே சன்ஷேடு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது மேலேயிருந்து வரும் வெயிலுக்குக் கட்டினது. கீழேயிருந்து வரும் வெயிலுக்கு எவன் சன்ஷேடு கட்டுகிறான்? விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார். அவர் கூரை. அவர் கைவேலை.

"எப்பருந்துக்கா இப்படி?"

"மாசியிலருந்தேய்யா. புரைதான் இந்தப் பாடு படுத்துதுன்னு நெனச்சு அறுத்தேன். அதுக்கப்புறமும் போகல. ஆஸ்பத்திரியில கேட்டா கண்ணு நல்லா இருக்குங்கறாங்க. படுறவளுக்கில்ல தெரியும்? என் கண்ணுக்கு இனிமே இம்புட்டுத்தான்னு எழுதியிருக்கு போல."

பேச்சிமுத்துவுக்கு டீக்கடைச் சிரிப்பு காதுக்குள் கேட்டது.

"பெயிண்ட் கெட்டியாப் போச்சுக்கா. நாளைக்கு வாரேன்" என்று பொய்யைச் சொல்லிவிட்டு இறங்கினார்.

வீட்டுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. பாயில் படுத்தால் முதுகு பொசுங்கியது. வெயிலை எந்தக் கோட்டிங்காலும் கொல்ல முடியாது, தள்ளித்தான் விட முடியும். அவர் தள்ளிவிட்டது யார் முகத்தில்? தண்ணி கொடுத்தவள் முகத்தில். பேசாமல் அவர்கள் கேட்டபடி கண்ணாடிக்குக் கறுப்பு அடித்துவிட்டு வரலாம். எவனுக்கும் தெரியாது. இந்தக் கூரையைப் பார்த்துவிட்டு வேலை கொடுக்கத் தெப்பக்குளத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தார்கள். வெள்ளிக்கு மேல் மங்கின கலரை அடித்தால், கோட்டிங் ஊத்திக்கொண்டது என்று ஊரே பேசும். ஆனால் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகு கண்ணை விட்டுப் போகவில்லை.

விடிந்ததும் சாம்பல் கலர் டப்பாவோடு கூரை ஏறினார்.

"என்ன மாப்ள," என்று கீழேயிருந்து கத்தினான் கண்ணுச்சாமி, "கம்பெனிக்காரன் அல்வா குடுத்துட்டானா?"

வேறு நாளாக இருந்தால் அவன் வம்சத்தையே இழுத்திருப்பார். அன்றைக்குப் பிரஷ்ஷை டப்பாவுக்குள் முக்கினார். வெள்ளி கொஞ்சமும் தெரியாதபடி அடித்து முடித்தார். பிறகு உள்ளே போய், பலகை போட்டு ஏறி, கழுத்து இற்றுப்போக அண்ணாந்து, மிச்சமிருந்த வெள்ளியை ஷீட்டுக்கு உள்பக்கம் அடித்தார். ஒச்சம்மாள் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் மேற்கே சாய்கிற நேரம். விட்டுப்போன ஓரத்தைச் சரிபார்க்கக் கூரை ஏறியவருக்கு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நின்றாள் சோணையம்மாள்.

"பேச்சி! கண்ணு தெளிஞ்சிருச்சுய்யா! முருகன் கண்ணைத் தொறந்துட்டான்!" மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அந்த இடத்தில் பேச்சிமுத்து தப்பித்திருக்கலாம். முருகன் பேரிலேயே போகட்டும் என்று விட்டிருந்தால் யாருக்கு நட்டம்? பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"அக்கா, ஒங்க கண்ணு ஆபரேசன் ஆனப்பவே நல்லாத்தான் இருந்துச்சு. கூச வச்சது என் கூரை. உள்ள அடிக்கச் சொன்னாங்க, பெருமைக்கு மேல அடிச்சேன்."

சோணையம்மாள் கூரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திட்டித் தீர்ப்பாள் என்று நின்றார். திட்டியிருந்தால் மனசுப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"அடப் பாவி," என்றாள் மெதுவாக. ஆனால் அது அவருக்கு இல்லை, தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில எனக்குக் கண்ணு அறுத்த டாக்டர் புள்ளைய என்ன பேச்சுப் பேசிட்டு வந்தேன்! கண்ணைக் கெடுத்துப்புட்டியேடின்னு அம்புட்டுப் பேருக்கு நடுவுல கத்துனேன்யா. அந்தப் புள்ள மூஞ்சி சுண்டிப்போச்சு."

பேச்சிமுத்து தலையைத் தொங்கப் போட்டார். இன்னொருத்தி வேறு இருக்கிறாளா இந்தக் கணக்கில்?

"திங்கக்கிழமை என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போற. நான் சொன்னா நம்பாது. நீயே சொல்லணும், ஆளுக எல்லாம் இருக்கும்போதே."

எந்தப் படித்தவன் முன்னாலும் துண்டை இடுப்பில் கட்டாத மனுசன்.

"வாரேன்க்கா" என்றார்.