ஆலம்பரைக் கோட்டையில் கை நனைத்தது

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், என் மகளைப் பெண் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; அவர்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். அதற்கு முன்பு நான் அங்கே போயிருந்தபோது, வெள்ளைக்காரத் தெருக்களின் மாளிகைகளை எல்லாம் நடத்திக் காட்டினார். ஜன்னல்களை எண்ணிக்கொண்டே போனேன். நூற்றுப்பதினெட்டில் கழுத்து வலித்தது. வாய் சும்மா இருக்காமல், “எங்க செங்கல்பட்டு ஜில்லாவிலயும் பிரெஞ்சுக்காரன் வச்சிருந்த கோட்டை இருக்கு” என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். எங்கள் வீட்டில் பெண்ணைப் பார்த்தார், காபியைத் தொடவில்லை. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாதே. பதிலும் சொல்லாமல் பஸ் ஏறினார். என் மனைவி எனக்கென்று மூன்று பொட்டலம் புளிச்சோறு கட்டித் தந்திருந்தாள்.

கடப்பாக்கத்தில் இறங்கி மணலில் நடந்தோம். கோட்டை பாதி செங்கல், பாதி மரவேர். ஜன்னல் ஒன்றுகூட இல்லை. உள்ளே தரை முழுக்கக் கருவாடு காய்ந்தது. இதற்கா கூட்டி வந்தோம் என்று நொந்துகொண்டேன். அவரோ மதிலை அண்ணாந்து பார்த்தபடி பூட்ஸ் காலோடு நடந்தார்.

“யோவ் பெர்சு! கண்ணு இன்னா முதுவுலயா கீது? கருவாட்ட மிதிச்சிகினு போறியே!” என்று நிழலில் இருந்த மீன்காரம்மா கத்தினாள்.

“அம்மா, அவர் பெரிய சொல்தா” என்றேன் பதறி.

“அப்போ காத்துல நடக்கச் சொல்லு.”

அவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். “எங்க ஊர் மாளிகைல வாசல்லயே நிறுத்திடுவான். இங்க கருவாட்டுக்குத்தான் காவல்!” பிறகு இடிந்து கிடந்த மதில் துண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தார். “பையில என்ன, வாசனை தூக்குது?”

“புளிச்சோறு. எங்க வீட்டுது...” என்று இழுத்தேன்.

“தெரியும் சார். பிரிங்க.”

அவர் பாதி சாப்பிட்டபின் எனக்குப் புதுக் கவலை பிடித்தது. கேட்டே விட்டேன்: “பெண் வீட்டுச் சோத்தை வீட்டுல சாப்பிடாம இங்க சாப்பிட்டா, கை நனைச்சதா ஆகுமா?”

சுட்ட கருவாட்டுத் துண்டை நீட்டிக்கொண்டு மீன்காரம்மா குறுக்கே வந்தாள். “பொண்ணு வூட்டு சோறு எங்க துன்னா இன்னா? கை நனைஞ்சிச்சில்ல?”

அவர் கையை விரித்துக் காட்டினார். “நனைஞ்சுது. மாசில தேதி பாருங்க, சம்பந்தி. அந்த மூணாவது பொட்டலம் யாருக்கு?”

திரும்பும்போது பசித்தால் வேண்டுமே என்று எனக்காக ஒளித்து வைத்திருந்தது. எடுத்து நீட்டினேன்.