நாலாம் கட்டிலின் தகவல்

அலுவலகத்தில் அவருக்கு மணிக்காரர் என்று பட்டப்பெயர். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம் அது. எந்தத் தகவல் யாருக்கு எப்போது மணியடித்துப் போய்ச் சேர வேண்டும் என்பதை எழுதுவதுதான் பன்னிரண்டு வருடமாக அவர் வேலை. புதிதாக வருகிறவர்களிடம் அவர் பாடுவது ஒரே பாட்டு.

"சும்மா சும்மா போய் 'மாறிச்சா, மாறிச்சா'ன்னு கேட்டு உயிரை எடுக்காதீங்க. பேரைப் பதிஞ்சு வெச்சிட்டு உங்க வேலையைப் பாருங்க. ஏதாவது மாறினா அதுவே பட்டியல்ல இருக்கிற எல்லாரையும் கூப்பிடும்."

அப்சர்வர் என்று அந்த முறைக்குப் பெயர். மனிதர் வீட்டிலும் அப்படித்தான். யாராவது கூப்பிட்டால் ஒழிய நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, தன் மென்பொருள் ஓடும் மருத்துவமனையாகவே பார்த்துச் சேர்த்தார். நாலாம் கட்டில். அதன் தகவலெல்லாம் வரும்படி தன் கைபேசி எண்ணைப் பதிந்தார்.

"தினம் வருவியாடா?" என்று அம்மா கேட்டாள்.

"எதுக்கும்மா? உனக்கு லேசா மூச்சு வாங்கினாக்கூட எனக்குத் தெரிஞ்சிடும்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்தடுத்து நல்ல சேதியாகவே வந்தது. நாடி சீர், இரத்த அழுத்தம் சீர். மனசு குளிர்ந்து வேலையில் மூழ்கினார். வெள்ளிக்கிழமை மத்தியானம், 'நாலாம் கட்டில்: நலம், வீடு திரும்பலாம்' என்று வந்தது. அம்மாவின் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நாலாம் கட்டிலில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்களைப் புதன்கிழமையே பதினோராம் கட்டிலுக்கு மாத்திட்டோமே சார்," என்றாள் நர்ஸ். "இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு உயிர் பிரிஞ்சிடுச்சு. உங்களுக்குத் தகவல் தானாப் போகும்னு சீட்டுல போட்டிருந்தது. அதான் நாங்க போன் பண்ணலை."

அவருக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஆளைப் பதியாமல் கட்டிலைப் பதியும்படி எழுதியது அவரேதான். கட்டில் இடம் மாறாது, எழுதச் சுலபம் என்று அப்போது நினைத்தார். ஆள் வேறு கட்டிலுக்குப் போனால் பதிவும் கூடவே போக வேண்டும் என்று இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை. செருப்புப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

நர்ஸ் தயங்கினாள். "கதவு திறக்கும்போதெல்லாம் 'என் பையன் வந்துட்டானா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நாங்கதான், 'சும்மா சும்மா கேக்காதீங்கம்மா, வந்தா நாங்களே சொல்றோம்'னோம்."